தாத்தாவைப் பார்க்கத் தகுதித் தேர்வு

தாத்தாவைப் பார்ப்பதற்குப் பேரப்பிள்ளைகள் ஒரு தேர்வில் தேற வேண்டும் என்பது தாணுமாலையனுக்கு அதுவரை தெரியாது. தெரியாததில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. மலையாளச் சீமையில், வலியசாலையில் குடியிருந்துகொண்டு, சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்கெழுதிப் பிழைக்கிற மனிதர். யார் எதைச் சொன்னாலும் முதலில் "சரி சார்" என்று சொல்லிவிடுவார். அது சரியா என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிப்பார். அதற்குள் காரியம் நடந்து முடிந்திருக்கும்.

அவருடைய அப்பா நெல்லையப்பனுக்கு ஈரல் கெட்டுப்போயிற்று. இனி மருந்தில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பாக்கி என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, ஊருக்கு வெளியே இருந்த 'ஸ்நேகசோபானம்' பராமரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஸ்நேகசோபானம் என்றால் அன்பின் படிக்கட்டு என்று அர்த்தமாம். படிக்கட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். எல்லாரும் லிஃப்டில்தான் போக வேண்டும்.

கீழ்த்தளத்தில் ஒரு சுவர் முழுக்க செயற்கை அருவி கொட்டியது. தங்க மீன்கள் நீந்தின. எங்கிருந்தோ புல்லாங்குழல் கேட்டது. லாவண்டர் வாசனை வந்தவர்களை வரவேற்றது. மூன்றாம் மாடிவரை அந்த வாசனைக்கு ஏறி வர முடியவில்லை போலும். நெல்லையப்பன் கிடந்த அறையில் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த விரிப்பின் நாற்றம்தான் இருந்தது.

ஆனாலும் கிழவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மகன் உள்ளே நுழைந்ததும் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்.

"ஏடே தாணு, பிள்ளையளக் கூட்டிட்டு வரலியா?"

"நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்ப்பா."

இதே பேச்சுதான் தினமும். நாளைக்கு என்பதைத் தாணுமாலையன் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. நாளைக்கு விட்டுவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் நம்பினார்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. மூத்தவள் திவ்யலட்சுமி நாலாம் வகுப்பு; அமைதியான பிள்ளை. இளையவன் சுமந்த் யூ.கே.ஜி. எதிர்வீட்டு மாமாவையும் இப்படித்தான் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்பது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாளைக்கு வந்துவிடுவார், நாளைக்கு வந்துவிடுவார் என்று அந்த வீட்டிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மாலை போட்ட ஒரு படம்தான் வந்தது.

"தாத்தா செத்தாச்சு. நீங்க எல்லாரும் கள்ளம் சொல்லுதீங்க" என்றான் சுமந்த்.

"அப்பா தினம் போய்ப் பாத்துட்டு வாரேனே மோனே."

"அப்போ எங்களை ஏன் கூட்டிட்டுப் போகலை?"

சாயங்காலம் விளக்கேற்றியதும் பிள்ளைகள் இருவரும் தாத்தாவுக்காக மகாதேவரை ஒரு கும்பிடு கும்பிடுவார்கள். சுமந்த் அதை நிறுத்திவிட்டான். ஏன் என்று அவன் அம்மா கௌசல்யா கேட்டதற்கு, "செத்தவங்களுக்கு எதுக்கு?" என்றான். அவள் அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் சுதீஷ் சார் வருகிறார். ஸ்நேகசோபானத்தின் குடும்ப அனுபவப் பிரிவுக்கு அவர் தலைமை அலுவலர். நீலக் கோட்டு, அதே நிறத்தில் டை, மலையாளம் கலந்த தமிழ், பேசும்போது எதிராளியின் முழங்கையை மெதுவாகத் தொடும் பழக்கம். தாணுமாலையனை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, ஏலக்காய்ச் சாயா வரவழைத்துக் கொடுத்தார்.

"தாணுமாலையன் சார், மத்த ஆஸ்பத்திரியில எல்லாம் குட்டிகளைக் கேட்டிலேயே தடுத்து நிறுத்துவாங்க. எத்ர க்ரூரம்! நாங்க அப்படி இல்ல, கேட்டோ. நாங்க தடுக்கவே மாட்டோம். தயாராக்குவோம். தயாராவாத வரைக்கும் உள்ள விட மாட்டோம், அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்."

"எப்போ தயாராவாங்க சார்?"

"அது குட்டிகளோட கையில இருக்கு."

"இல்ல, அப்பாவோட உடம்பு நாளுக்கு நாள்..."

சுதீஷ் சார் அவருடைய முழங்கையைத் தொட்டார். "அப்பாவோட உடம்பு எங்க பிரிவு இல்ல சார். அது கிளினிக்கல். நாங்க அனுபவம்."

"சரி சார்" என்றார் தாணுமாலையன்.

தேர்வு நடந்த அறையில் சுவரெல்லாம் முயல்கள். புதிதாக வரைந்திருந்தார்கள், பெயிண்ட் இன்னும் கையில் ஒட்டியது. ஒரு கவுன்சிலர் மேடம் பிள்ளைகளுக்குக் கிரேயான் கொடுத்து, தாத்தா கட்டிலில் படுத்திருப்பதாக நினைத்து ஒரு படம் வரையச் சொன்னார். சுமந்த் கட்டில் வரையவில்லை. ஒரு சட்டம் வரைந்தான், அதற்குள் தாத்தாவின் தலையை வரைந்தான், சட்டத்துக்கு மேலே மாலை போட்டான். போட்டு முடித்ததும் ஓவென்று அழுதான். திவ்யலட்சுமி கட்டில், தலையணை, தாத்தாவின் கண்ணாடி எல்லாம் ஒழுங்காக வரைந்து, கீழே தன் பெயரையும் வகுப்பையும் எழுதிக் கொடுத்தாள். அழவில்லை.

மேடம் இரண்டு படங்களையும் பார்த்துத் தலையாட்டினார்.

"மோனுக்கு உணர்ச்சி கூடிப் போச்சு. தயாரில்ல. மோள் உணர்ச்சியை அடக்கறா. அவளும் தயாரில்ல."

"அழுதாலும் ஃபெயிலு, அழலைன்னாலும் ஃபெயிலா மேடம்?"

"ஃபெயில்ங்கற வாக்கே இங்க உபயோகிக்கறதில்ல சார். 'இன்னும் மலரல'ன்னுதான் சொல்லுவோம்."

"அப்போ எவ்வளவு அழணும்னு சொன்னீங்கன்னா வீட்டுல சொல்லிக் குடுத்துரலாம்."

மேடத்துக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. இப்படி அக்கறையோடு கேட்கிற பெற்றோர் குறைவு என்றார். "கண்ணு கலங்கணும். ஒழுகக் கூடாது" என்றார்.

"சரி மேடம்."

அன்றிலிருந்து கௌசல்யா வெங்காயம் அரிய உட்கார்ந்தால் திவ்யலட்சுமியும் பக்கத்தில் போய் உட்காருவாள். கண் கலங்கும் மட்டும் அரிவாள்மணைக்கு நேரே முகத்தை வைத்திருப்பாள். ஒழுகும் முன் சட்டென்று எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்துக்கொள்வாள். எட்டு வயசுப் பிள்ளை. தன் தாத்தாவுக்காக எவ்வளவு வருத்தப்பட்டால் போதும் என்று அளந்து பழகுகிறாள். இதைக் கதவோரம் நின்று பார்த்த தாணுமாலையனுக்கு அருவருப்பாக இருந்தது. யார்மீது என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளபடியே சொன்னால் பாதி தன்மீதுதான்.

அடுத்தது ஒத்திகை. ஓர் அறையில் நிஜக் கட்டில் போட்டு, அதில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள். நரைமுடி ஒட்டிய தலை, ரோஜா நிறக் கன்னம், வாய் நிறையச் சிரிப்பு. பெயர் 'ஹாப்பி அப்பூப்பன்'. மலையாளத்தில் தாத்தாவை அப்பூப்பன் என்பார்கள். பிள்ளைகள் முதலில் இந்தத் தாத்தாவைப் பார்த்துப் பழகினால் நிஜத் தாத்தாவைப் பார்க்கும்போது அதிர்ச்சி வராது என்பது ஏற்பாடு. உள்ளே வந்ததும் சொல்வதற்கு இங்கிலீஷில் ஒரு வாக்கியமும் கற்றுக்கொடுத்தார்கள்: "ஹலோ கிராண்ட்ஃபாதர், யூ ஆர் லுக்கிங் வெரி பிரேவ் டுடே."

திவ்யலட்சுமி பொம்மைக்கு முன்னால் போய் நின்றாள். வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, வீட்டில் பெரியவர்களைப் பார்க்கப் போனால் செய்கிற வழக்கப்படி, தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து பொம்மையை நமஸ்கரித்தாள். பொம்மையானால் என்ன, தாத்தா என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் அல்லவா?

மேடம் பதறிப்போய் மணியடித்தார். ஒரு ஆள் தண்ணீரோடு ஓடிவந்தான்.

"நோயாளியைக் கண்ட உடனே விழுந்துட்டா" என்றார் மேடம். "மயக்கம் வர்ற சுபாவம்."

"மயக்கம் இல்ல மேடம், கும்பிட்டா" என்றார் தாணுமாலையன்.

"தரையிலயா?"

"எங்களில அப்படித்தான்."

"பின்னே ஏன் உடனே எழுந்துக்கல?"

"பெரியவங்க எழுந்திருன்னு சொன்னாத்தான் எழுந்திருக்கணும். பொம்மை எப்படிச் சொல்லும்?"

மேடம் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, அதையும் மலராத கணக்கிலேயே வைத்தார்.

இந்தக் களேபரத்தில் சுமந்தை யாரும் கவனிக்கவில்லை. அவன் கட்டில்மேல் ஏறி, ஹாப்பி அப்பூப்பனின் கன்னத்தை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். டக்கு டக்கென்று சத்தம் வந்தது. அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் போய்ச் சொன்னான்:

"அம்மா, செத்தா பிளாஸ்டிக் ஆயிருவாங்க. தாத்தா ஆயிட்டாங்க. நான் தொட்டுப் பாத்தேன்."

பிள்ளையின் பயத்தைப் போக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஒவ்வோர் ஏற்பாடு முடிந்ததும் பயம் ஒரு படி ஏறியிருந்தது. போனில் தாத்தாவை வீடியோவில் காட்டினால் "பழைய வீடியோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் மாடியில் நெல்லையப்பனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. மூக்கில் குழாய் போட்டார்கள். இப்போது மகன் உள்ளே வந்ததும் அவர் கையை மெத்தையிலிருந்து கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவார். முதலில் கொஞ்சம் உயரத்தில், பிறகு அதைவிடத் தாழ. பெரியவள், சின்னவன். பிறகு கையும் தூக்க முடியாமல் போயிற்று. வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அந்த மாடியில் நர்ஸாக இருந்தது மார்த்தாண்டத்துப் பெண் ஜெபமலர். ஒரு நாள் தாணுமாலையன் போனபோது அப்பாவுக்குக் கீழே பூப்போட்ட பழைய பருத்திச் சேலை விரித்திருந்தது. துவைத்து வெயிலில் உலர்த்திய சேலையின் மணம்.

"விரிப்பு வரவே மாட்டேங்குதுண்ணா" என்றாள் ஜெபமலர், குரலைத் தாழ்த்தி. "துணி வெளுக்குத ஆளுங்களை எல்லாம் கீழ முயல் வரையுததுக்கு விட்டிருக்காங்க. விருது குடுக்க ஆளு வாராங்களாம். அப்பா பாவம், முதுகெல்லாம் புண்ணு. இது அம்மைக்க சேலை. நல்ல மெது."

தாணுமாலையன் சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "அம்மா தேட மாட்டாங்களா?"

"அம்மைதான் குடுத்து விட்டாங்க."

பின்பக்கமாகப் பிள்ளைகளை ஒரு நிமிஷம் கூட்டி வரலாமா என்று அவர் கேட்க நினைத்திருந்தார். அந்தச் சேலையைப் பார்த்த பிறகு கேட்கவில்லை. மாடி முழுக்கக் கேமரா. இவளுடைய சம்பளத்தில்தான் மார்த்தாண்டத்தில் ஒரு வீடு சாப்பிடுகிறது.

மறுநாள் காலையில் சுதீஷ் சாரே போன் செய்தார். குரலில் பூரிப்பு.

"கங்கிராஜுலேஷன்ஸ் சார்! குட்டிகள் ரெண்டு பேரும் மலர்ந்தாச்சு!"

"எப்படி சார்? மறுபடி டெஸ்ட் வைக்கவே இல்லையே."

"நாளைக்கு விருதுக் குழு வருது. குழந்தை நேய பராமரிப்புக்கு நாட்டிலேயே முதல் இடம். பார்வையிடற மாதிரி ரெண்டு குட்டிகள் வேணும். மத்தவங்க ஒருத்தரும் சரியாவல. ஒருத்தனுக்கு ஜலதோஷம். இன்னொருத்தி நல்லா மலர்ந்தா, பட்சே அவளோட அம்மூம்மா காத்திருக்கல."

பாட்டி காத்திருக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று தாணுமாலையனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஆனாலும் நாளைக்குப் பிள்ளைகள் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். "சரி சார்" என்றார்.

கௌசல்யா பிள்ளைகளைக் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, மகாதேவர் சன்னிதித் திருநீற்றை நெற்றி நிறைய இட்டு அனுப்பினாள். ஒரு பெரியவருக்குத்தான் அனுமதி என்றதால் அவள் கீழே மீன்தொட்டிப் பக்கம் நின்றுவிட்டாள். கவுன்சிலர் மேடம் ஈரத்தாள் எடுத்து வந்து இரண்டு நெற்றிகளையும் துடைத்தார். துகள் பறந்தால் கிருமி வருமாம். தாணுமாலையன் தானும் குனிந்து, சுமந்தின் புருவத்தில் ஒட்டியிருந்ததை விரலால் துடைத்துக் கொடுத்தார். பிறகு அந்த விரலை வெகுநேரம் மடக்கியே வைத்திருந்தார்.

ஆனால் லிஃப்டுக்குப் போகாமல், கீழ்த்தளத்திலேயே ரிப்பன் கட்டிய ஓர் அறைக்குள் அவர்களைக் கூட்டிப் போனார்கள். வெள்ளை விரிப்பு, ஜன்னலில் பூச்சாடி, கேமரா இரண்டு, விருதுக் குழுவினர் மூன்று பேர். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் சிவந்த மேனியும் வெள்ளை வேட்டியுமாக யாரோ ஒரு பெரியவர்.

"சார்" என்றார் தாணுமாலையன், "இது எங்க அப்பா இல்ல."

"தெரியும் சார், அறியாம்" என்று முழங்கையைத் தொட்டுக் கிசுகிசுத்தார் சுதீஷ். "உங்க அப்பாவுக்கு மூக்குல டியூப் இருக்கு. வாயில ஒழுகுது. கமிட்டி கண்டா அவங்களுக்கு மனசு வேதனிக்கும். இது கரமனை வெங்கடேஸ்வரன் சார். ட்ரெஷரியில ரிட்டயர் ஆனவர். பல்லைப் பாருங்க, எல்லாம் ஒரிஜினல்."

"எம் பிள்ளைங்க எங்க அப்பாவைப் பாக்க வந்திருக்கு சார்."

"பாக்கலாம், பாக்கலாம். இது கழியட்டும். பின்னே ஒரு டேட் தர்றோம்."

சுமந்த் கட்டிலருகே போய்ப் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"அப்பா, தாத்தாவுக்குப் பதிலா வேற ஆளு வெச்சிருக்காங்க. அப்போ நம்ம தாத்தா செத்தது நெசம்தான்."

குழுத் தலைவி வடக்கத்தி அம்மாள். பையன் என்ன சொல்கிறான் என்று ஆவலாகக் கேட்டார். தாத்தா முன்னைவிட இளமையாகத் தெரிகிறார் என்கிறான் என்று சுதீஷ் சார் மொழிபெயர்த்தார். மூவரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் சுதீஷ் சார் மைக்கைப் பிடித்து, இங்கிலீஷில் ஒரு தரம், தமிழில் ஒரு தரமாகப் பேசினார்.

"மரியாதைக்குரியவர்களே! ஒரு குட்டி நோயாளியைப் பாக்க வரும்போது அதோட மனசு நோகறது ஏன்? நாங்க நிறைய ஆய்வு பண்ணினோம். எல்லா ஆய்வும் ஒரே காரணத்தைத்தான் காட்டிச்சு: நோயாளி! நோயாளியோட நிலைமைதான் பார்வையிடலுக்கு மிகப் பெரிய இடைஞ்சல். அந்த இடைஞ்சலை நாங்க நீக்கிட்டோம். ஸ்நேகசோபானத்தில் ஒரு குட்டிகூட இன்னைக்கு வரைக்கும் நோயாளியைப் பாத்து பயந்ததில்ல. பாத்தாத்தானே பயப்படறதுக்கு!"

மறுபடி கைதட்டல். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வெங்கடேஸ்வரன் மெல்லக் குனிந்து சுமந்தின் காதருகே பேசினார். நிலையத்து ஆட்களின் பிள்ளைகளைத்தான் வேஷம் கட்டி உட்கார வைக்கப்போகிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். சொந்த மகனும் பேரன்களும் டொராண்டோவில் இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் குழந்தைகளோடு இருக்கலாமே என்று அவரும் ஒப்புக்கொண்டிருந்தார்.

"கொழந்தே, ஒன்னோட தாத்தா எங்கே இருக்கார்?"

"மூணாவது மாடியிலன்னு அப்பா சொல்லுதாங்க. கள்ளம்."

"போய்ப் பாத்துட்டா தெரிஞ்சுடப் போறது. அதுக்கு என்ன?"

பெரியவர் கட்டிலைவிட்டு இறங்கிச் செருப்பை மாட்டினார். வலது கையில் திவ்யலட்சுமி, இடது கையில் சுமந்த். கதவை நோக்கி நடந்தார்.

"சார், சார், எவிடேக்கா, எங்க போறீங்க?" என்று ஓடி வந்தார் சுதீஷ்.

"சித்த நடந்துட்டு வரேன். பேரக் கொழந்தேள் கையைப் பிடிச்சுண்டு நடந்தா நோய் பாதி கொறையும்னு நீங்கதானே வாசல்ல போர்டு எழுதி வச்சிருக்கேள்? நான் கொறைச்சுக்கறேன்."

குழுத் தலைவி நெகிழ்ந்துபோனார். ஒத்திகையில்லாத இயல்பான பாசம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அதன்பின் சுதீஷ் சாருக்குத் தடுக்க வழியில்லை. தாணுமாலையன் என்ன நடக்கிறதென்று தெரியாமலேயே அவர்கள் பின்னால் ஓடினார். லிஃப்ட் கதவு நான்கு பேரோடு மூடிக்கொண்டது. கேமராக்களும் கமிட்டியும் லிஃப்ட் திரும்பி வரும்வரை அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லிஃப்டுக்குள் பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"சார், உங்களுக்கு உடம்பு..."

"ஹார்ட்டு. நடக்கப்படாதுன்னு சொல்லிருக்கா" என்று சிரித்தார். "நன்னா இருக்கறாப்பல இருக்கேன், இல்லையோ? அதான் என்னைப் பொறுக்கினா."

மூன்றாம் மாடியில் ஜெபமலர் அவர்களைப் பார்த்தாள். முன்னால் ஓடி அறைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

நெல்லையப்பன் மஞ்சளாக, பாதியாகச் சுருங்கிக் கிடந்தார். மீசையை எடுத்துவிட்டிருந்தார்கள். கன்னம் உள்ளே போயிருந்தது. திவ்யலட்சுமி உள்ளே நுழைந்ததும் பழக்க தோஷத்தில், "ஹலோ கிராண்ட்ஃபாதர், யூ ஆர் லுக்கிங்" என்று தொடங்கி, அதற்குமேல் வராமல் நின்றாள். சுமந்த் வாசற்படியைத் தாண்டவில்லை.

"இது யாரு?"

"தாத்தாடா."

"அப்பிடித்தான் எல்லாத்தையும் சொன்னாங்க."

பொம்மையைக் காட்டித் தாத்தா என்றார்கள். முன்பின் தெரியாதவரைக் காட்டித் தாத்தா என்றார்கள். மூன்றாவதாகக் காட்டப்படுகிறவரை ஒரு பிள்ளை ஏன் நம்ப வேண்டும்? கட்டிலில் கிடந்தவருக்குப் பேச்சில்லை, கையில் அசைவில்லை. நான்தான் என்று சொல்ல அவரிடம் கண்ணைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கண் பையனைவிட்டு அகலவே இல்லை.

சுமந்த் மெதுவாகக் கிட்டே வந்தான். அந்த முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்து, விசாரணை செய்கிற குரலில் கேட்டான்:

"நீங்க நெசத் தாத்தான்னா காதை ஆட்டுங்க, பாப்போம்."

தாணுமாலையன் திகைத்துப்போய் மகளைப் பார்த்தார். "தாத்தா கையால தொடாம காதை ஆட்டுவாங்கப்பா" என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "எங்களுக்கு மட்டும் செய்வாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதும்பாங்க." இத்தனை வருஷம் கூடவே இருந்த மகனுக்கு அது தெரியாது.

நெல்லையப்பனின் நெற்றி சுருங்கியது. தாடை இறுகியது. குழாய்கூட லேசாக அசைந்தது. பிறகு இடது காது, ஈ உட்கார்ந்த மாட்டின் காதுபோல, ஒரு தரம் துடித்தது. சற்று நின்று, வலது காதும்.

"நம்ம தாத்தா!" என்று கத்தினான் சுமந்த். செருப்போடு கட்டிலில் ஏறி, அந்தப் பூப்போட்ட சேலைமேல் தாத்தாவை ஒட்டிப் படுத்துக்கொண்டான். "அப்பா, சாகலை! பிளாஸ்டிக்கும் இல்லை! சூடா இருக்காங்க!"

கதவருகே கைதட்டும் சத்தம் கேட்டது. அடுத்த லிஃப்ட் வந்துவிட்டது. சுதீஷ் சார் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகத்தில் நிஜமான பரவசம்.

"அதிகம்பீரம்! பட்சே கேமராவுல கிட்டல சார். மோன் வாசல்லேர்ந்து இன்னொரு தரம் ஓடி வரட்டும். அப்பூப்பன் காதை இன்னொரு தரம் ஆட்டட்டும். லெஃப்ட் மட்டும் போதும், அந்தப் பக்கம்தான் வெளிச்சம். சிஸ்டர், அந்தச் சேலையை உருவி எடுத்துரு, எங்க கலர் இல்ல அது. ஆ, டியூபை ரெண்டு மினிட் மாத்தி வைக்க முடியுமா? டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

தாணுமாலையன் வாயைத் திறந்தார். சரி என்ற சொல் வழக்கம்போல நாக்குநுனிவரை வந்து நின்றது. அவர் சுதீஷ் சாரின் கோட்டைப் பார்த்தார், சிரிக்கிற முகத்தைப் பார்த்தார், முழங்கையைத் தொடுவதற்காக நீண்டு வந்துகொண்டிருந்த கையைப் பார்த்தார். சாக்கடையில் கிடக்கிற ஏதோ ஒன்று தன்மேல் படப்போவதுபோல அவர் உடம்பு கூசியது.

"இல்ல சார்" என்றார். கதவைப் பிடித்து, அந்தக் கை உள்ளே வருமுன் சாத்தினார்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெங்கடேஸ்வரன் ஒரு நாற்காலியை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சு வாங்கினார். "நான் நோயாளி. என்னை யாரும் எழுப்பப்படாது" என்றார். உள்ளேயே நின்றுவிட்ட ஜெபமலர் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தபடி, "இவரைப் பாக்க நான் இங்க நின்னுதானே ஆகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே இரண்டு தட்டுத் தட்டினார்கள். பிறகு சுதீஷ் சாரின் குரல் கேட்டது, இங்கிலீஷில், துளியும் கலங்காமல். குடும்பத்தினர் தனித்திருக்கும் இந்த நேரமும் தங்கள் திட்டத்தின் ஓர் அங்கம்தான், அதற்கென்று தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். குழுவினர் கைதட்டினார்கள். சத்தம் லிஃப்டை நோக்கிப் போய்த் தேய்ந்தது.

திவ்யலட்சுமி தாத்தாவின் காலடியில் நின்றிருந்தாள். அவள் கண் கலங்கியது. கலங்கிய அளவிலேயே நிறுத்த ஒரு நிமிஷம் பாடுபட்டாள், உதட்டைக்கூடக் கடித்தாள். அப்பா அவள் தலையில் கையை வைத்தார். அவ்வளவுதான், ஒழுகிற்று. மூக்கும் சேர்ந்து ஒழுகிற்று. தேம்பித் தேம்பி, அந்த அறைக்கு வெளியே கேட்குமே என்ற நினைப்பில்லாமல் அழுதாள். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

சுமந்த் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். பிறகு தாத்தாவின் பக்கம் திரும்பி, ரகசியமாகச் சொன்னான்:

"தாத்தா, அக்கா அழுதா. அவளுக்கும் ஒரு தடவை ஆட்டிக் காட்டுங்க."

கொஞ்ச நேரம் ஆயிற்று. இடது காதுதான், அதுவும் கொஞ்சம்தான். ஆனால் ஆடியது.